மரங்களுக்கும் புத்தாண்டு

யூத மக்கள் மரங்களுக்கும் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். அது ஜனவரி அல்லது பிப்ரவரியில் பௌர்ணமியை ஒட்டி வரும். அப்போது இஸ்ரேல் நாட்டில் வாதுமை மரம் பூக்கும்.

முற்காலத்தில் இது ஒரு கணக்கு நாள். மரத்தின் வயதை இந்த நாளை வைத்தே கணக்கிட்டார்கள். முதல் மூன்று ஆண்டுகள் பழத்தை யாரும் உண்ணக் கூடாது. நான்காம் ஆண்டுப் பழம் கடவுளுக்கு உரியது. ஐந்தாம் ஆண்டுப் பழம்தான் நட்டவருக்கு.

1890-இல் ஓர் ஆசிரியர் இந்த நாளில் மாணவர்களோடு மரம் நட்டார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. இன்று இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகள் இந்த நாளில் மரக்கன்று நடுகிறார்கள்.

நம் நாட்டில் கொங்கணக் கரை யூதர்கள் அன்று பழங்களும் இனிப்பு அவலும் வைத்து வழிபடுவார்கள்.

மரம் நட ஒரு நாள் போதும். பழம் உண்ணப் பொறுமை வேண்டும்.

நீங்கள் நட்ட மரம் எது? அதற்கு வயது என்ன? எழுதுங்கள்.