அமெரிக்க வரலாறும் நம் ஊர்ப் பருத்தியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

"அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். அமெரிக்க வரலாற்றுக்கும் திருப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. வாஷிங்டன், லிங்கன் என்ற பெயர்களைப் பள்ளியில் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். தாவரவியல் மாணவனாகிய நான் பருத்திச் செடியைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது, அந்நாட்டு வரலாற்றின் சில முக்கியக் கட்டங்கள் நம் தோட்டங்களையும் பனியன் கம்பெனிகளையும் தொட்டுச் செல்வதைக் கண்டேன். அவற்றை இங்கே வரிசையாகக் காண்போம்.

விட்னியின் பொறி

பறித்த பருத்தியில் பஞ்சைவிடக் கொட்டையின் எடையே அதிகம். அதைப் பிரிப்பது பெரும்பாடு. நம் நாட்டில் கையால் சுற்றும் இரட்டை உருளைப் பொறி பல நூற்றாண்டுகளாகவே இருந்தது. ஆனால் அமெரிக்காவின் உட்பகுதிகளில் விளைந்த பருத்தியில் பஞ்சு கொட்டையோடு இறுக ஒட்டியிருந்தது. 1793ஆம் ஆண்டில் எலி விட்னி என்பவர் பற்கள் பொருத்திய உருளையைக் கொண்டு ஒரு பொறி அமைத்தார். கைவேலையில் ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு பவுண்டு பஞ்சுதான் எடுக்க முடியும். இப்பொறியால் 50 பவுண்டு எடுக்க முடிந்தது.

வேலை எளிதானால் உழைப்பவரின் துன்பம் குறைய வேண்டும் அல்லவா? அங்கு நடந்தது நேர்மாறு. பொறி கொட்டையைப் பிரித்ததே தவிர, களை எடுக்கவில்லை; பஞ்சைப் பறிக்கவில்லை. அதற்கு ஆட்கள் வேண்டும். பருத்தியில் இலாபம் பெருகப் பெருக, அடிமைகளின் தொகையும் பெருகியது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறத்தாழ 40 லட்சம் ஆயினர். அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்று நன்மை தருமா, தீமை தருமா என்பது அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கோவைக்கு வந்த அமெரிக்கர்

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருந்தன. ஒரே நாட்டை நம்புவது ஆபத்து என்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனி, அமெரிக்கப் பருத்தியை இந்தியாவிலேயே விளைவிக்க முனைந்தது. 1840இல் பத்து அமெரிக்கப் பருத்தித் தோட்டக்காரர்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் மூவர் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டனர். கோயம்புத்தூரில் சோதனைப் பண்ணைகள் ஏற்பட்டன. 1842 முதல் 1853 வரை அவற்றின் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர்.

இவர் சிறந்த தாவரவியலாரும் ஆவார். நம் துறை மாணவர்கள் உலர்தாவரத் தாள்களில் 'வைட்டி' என முடியும் பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இவர் நினைவாக வைக்கப்பட்டவை. இவருடைய நூல்களுக்குச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

பதினோரு ஆண்டுகள் முயன்றும் இத்திட்டம் எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. மானாவாரியாகவே பருத்தி விளைந்த இப்பகுதியின் மழையும் வெயிலும் அந்நாட்டுச் செடிக்கு ஒத்துவரவில்லை. தார்வாடு பகுதியில் மட்டும் அது ஓரளவு வேரூன்றியது.

லிங்கனின் போர்

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆபிரகாம் லிங்கன் தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட ஆணையிட்டார். பஞ்சு வருவது நின்றது. லங்காஷயரில் ஆலைகள் மூடப்பட்டன. இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் பசியில் வாடினர். இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. பம்பாய் வணிகர்கள் பெரும்பொருள் ஈட்டினர். 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பலர் நொடித்துப் போயினர்.

இக்கட்டத்தில் என் மனத்தைத் தொட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1862 டிசம்பர் 31ஆம் நாள் மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் கூடி லிங்கனுக்குக் கடிதம் எழுதினர். அவருடைய போரினால் வேலை இழந்தவர்கள் நிறைந்த ஊர் அது. ஆயினும் அடிமை முறை ஒழிய வேண்டும் என்று அவர்கள் வாழ்த்தினர். 1863 ஜனவரி 19ஆம் நாள் லிங்கன் அவர்களுக்கு நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். வயிறு காய்ந்த போதும் நியாயத்தின் பக்கம் நின்ற அவர்களும் நம்மைப் போன்ற நூலாலைத் தொழிலாளர்களே.

கம்போடியா வழியாக

முன்வாசலில் நுழைய முடியாத அமெரிக்கப் பருத்தி, பின்வாசல் வழியாக நம் ஊருக்கு வந்தது. 1904-05 வாக்கில் இந்தோசீனாவிலிருந்து ஒரு விதை சென்னை மாகாணத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அதுவே கம்போடியா பருத்தி. பெயர்தான் கம்போடியா, இனம் அமெரிக்க மேட்டுநிலப் பருத்தி. கிணற்றுப் பாசனமுள்ள கோவைத் தோட்டங்களில் அது செழித்தது. "காட்டுக்குக் கருங்கண்ணி, தோட்டத்துக்குக் கம்போடியா" என்று என் அப்புச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னர் வந்த எம்.சி.யூ. ரகங்களின் பெயர் விரிவு 'மெட்ராஸ் கம்போடியா உகாண்டா' என்பதாகும்.

கருங்கண்ணியின் உயிரணுவில் 26 குரோமோசோம்கள். அமெரிக்க இனத்திலோ 52. அந்த 52இல் பாதி, நம் பழைய உலகப் பருத்தியின் உறவினச் செடி ஒன்றிடமிருந்து பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்தது என்கிறது அறிவியல். ஆக, கப்பல்கள் தோன்றுவதற்கு முன்பே அமெரிக்கப் பருத்திக்கும் நமக்கும் உறவு இருந்திருக்கிறது!

நம் வீட்டுக்குள்

1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தத்தின்படி, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்குவது என்பதற்கு அமெரிக்கா முதலிய நாடுகள் அளவு விதித்தன. 2005 ஜனவரி 1 முதல் அந்தக் கோட்டா முறை நீங்கியது. திருப்பூரின் பெரிய சந்தைகளுள் ஒன்றாக அமெரிக்கா விளங்கியது.

2025 ஆகஸ்டு 7இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி விதித்தது. ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்டு 27இல் அது 50 சதவீதமாக உயர்ந்தது. அதே மாதத்தில், வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை நம் அரசு அவ்வாண்டு இறுதிவரை நீக்கி வைத்தது. அப்போது அங்கிருந்து பஞ்சு வரி இன்றி வர முடிந்தது. அதை நாம் தைத்து அனுப்பிய பனியனுக்கு மட்டும் வரி இருந்தது!

என் அப்பா பவர்டேபிள் டெய்லர். அம்மா செக்கிங் வேலைக்குச் செல்பவர். ஒன்றரை ஷிப்ட் வேலை இருந்த இடத்தில், அந்தச் செப்டம்பரில் வாரத்துக்கு மூன்று நாளே வேலை இருந்தது. "ஆர்டர் இல்லையாம் சாமி" என்று மட்டுமே அம்மாவுக்குத் தெரியும். ஆர்டர் ஏன் இல்லை என்று எங்கள் வீட்டில் விளக்கிச் சொல்ல, கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளாகிய நான் இருந்தேன். சொன்னதால் கூலி கூடிவிடவில்லை. ஆனால் தன் வேலையில் குறை இல்லை, குறை வேறெங்கோ இருக்கிறது என்று அறிந்தபோது அம்மாவின் முகம் தெளிந்தது.

நண்பர்களே! 1840இல் ஒரே நாட்டை நம்புவது ஆபத்து என்று லங்காஷயருக்காகக் கவலைப்பட்டார்கள். 1861இல் அந்தக் கவலை உண்மையாயிற்று. 2025இல் அதே பாடம் நம் தெருவுக்கு வந்தது. பல சந்தைகளைத் தேடுவதும், நம் மண்ணுக்கேற்ற நீண்ட இழைப் பருத்தியை வளர்ப்பதும் நம் தலைமுறையின் கடமைகளாகும். முதற்கடமை வணிகம் பயில்வோருக்கு. இரண்டாவது எங்கள் துறையினருக்கு. இரண்டுக்கும் வரலாற்றறிவு துணை நிற்கும் என்பது என் துணிபு.