கடையாணியும் கடமையும்

காவிரி வளநாட்டுத் திருவாரூரில், திருக்கோயிலை ஒட்டிக் கல்லால் ஆகிய தேர் ஒன்று நிற்கின்றது. அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி மடிந்ததையும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததையும், மனுநீதிச் சோழன் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டு முறைசெய்ததையும் அது நினைவூட்டுகின்றது. அக்கதையில் தேர் ஊர்ந்தவன் மட்டுமே குற்றத்திற்கு விடை கூறுகின்றான். கடையாணி கழன்றதனால் தேர் கட்டுக்கடங்காது ஓடியிருப்பின், அதனைச் செருகிய தச்சனை வினவுவார் யார்? மோட்டார் வண்டிகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் இவ்வினா பெரிதும் வேண்டப்படுவதாயிற்று.

தஞ்சைப் பகுதியில் சாலைகள் பல ஆற்றங்கரைகளையும் வாய்க்கால்களையும் ஒட்டியே செல்கின்றன. அறுவடைக் காலத்தில் நெல்மூட்டை ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் அவற்றில் நெருங்கி ஓடும். அத்தகைய சாலையில் செல்லும் வண்டிக்குப் பிரேக் எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உழவர் ஒருவர் தம் காரைப் பட்டறையில் விட்டுப் பிரேக்கைச் செப்பனிடச் செய்து, கூலியும் கொடுத்து மீட்டு வந்தார் என்க. மறுநாள் அவர் மிதித்தபோது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி, சைக்கிளில் வந்தவரை மோதி வாய்க்காலில் இறங்கிவிட்டது. காயமுற்றவருக்கு ஈடு செய்வது யார்? உழவரின் இழப்புக்கு ஈடு செய்வது யார்? இவை வெவ்வேறு வினாக்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வழி தவறுவோர் பலர்.

காயமுற்றவர் பட்டறையைத் தேடி அலைய வேண்டுவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வண்டியின் உரிமையாளர், ஓட்டுநர், காப்பீட்டு நிறுவனம் ஆகியோர்மீது அவர் முறையிடலாம். ‘திடீரெனப் பழுது நேர்ந்துவிட்டது’ என்னும் விடை உரிமையாளரை எளிதில் காப்பதில்லை. ஜீப் வண்டி ஒன்றின் முன்சக்கர டயர் வெடித்து, வண்டி கவிழ்ந்து, சாலையில் நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தார். எவருடைய கவனக்குறைவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பாயம் அவர் குடும்பத்தாரின் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றமோ 2001இல் அக்குடும்பத்திற்கு இழப்பீடு வழங்கியது. மாண்டவரின் மனையாளும் மக்களும் டயரின் குணத்தை ஆராய்ந்து கொண்டிருக்க இயலுமா?

இனி, பட்டறைக்காரரின் கடமையைக் காண்போம். இங்கிலாந்தில் 1939இல் தீர்ப்பான வழக்கு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லாரிச் சக்கரம் ஒன்று பட்டறையில் சரிவரப் பொருத்தப்படவில்லை. வண்டி ஓடும்போது சக்கரத்தின் இரும்பு விளிம்பு கழன்று உருண்டு, நடைபாதையில் இருந்த ஒரு பெண்மணியின் காலைத் தாக்கியது. தொழில் தெரிந்தவரிடம் பணியை ஒப்படைத்த லாரி உரிமையாளர்மீது பிழையில்லை என்றும், பழுதுபார்த்தவரே பொறுப்பாளர் என்றும் நீதிமன்றம் கூறியது. அப்பெண்மணிக்கும் பட்டறைக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இருந்ததில்லை. அவர் அப்பட்டறையைக் கண்டதுமில்லை. எனினும் அவர்பால் அதற்குக் கடமை உண்டு என்பதே தீர்ப்பு.

நம் நாட்டில், 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கூலி பெற்றுச் செய்யும் பணியில் உள்ள குறைபாட்டிற்கு இச்சட்டப்படி ஈடு கோரலாம். பொருளைச் செப்பனிட்டவரின் குறைபாட்டால் உடலுக்கோ உடைமைக்கோ விளைந்த தீங்கிற்கு அவரையே பொறுப்பாக்கும் விதியும் இதில் உண்டு. ஆதலின் உழவர் தஞ்சாவூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டாண்டுக்குள் அணுகலாம். கொடுத்த கூலி 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வழக்குரைக்கவும் செய்யலாம். பிழைப்புக்காகத் தாமே லாரி ஓட்டுபவருக்கும் இவ்வழி அடைபட்டதன்று.

ஆயினும் பழுதுபார்த்ததிலேயே குறை இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை முறையிடுபவரைச் சார்ந்ததாகும். ‘தேய்ந்த உறுப்பை மாற்றச் சொன்னோம், செலவுக்கு அஞ்சி அவர்தாம் மறுத்தார்’ என்று பட்டறைக்காரர் கூறுவார். சில வேளைகளில் அஃது உண்மையாகவும் இருக்கும். அப்போது பேசுவது ரசீதுதான். எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எப்பணி செய்யப்பட்டது என்பன அதில் இருத்தல் வேண்டும். வரியை மிச்சப்படுத்தக் கருதி ரசீது வேண்டா என்றவர், வழக்கு என்று வரும்போது வெறுங்கையோடு நிற்க நேரும்.

விபத்துக்குப் பின் வண்டியை உடனே வேறொரு பட்டறைக்கு இழுத்துச் சென்று செப்பனிடுவதும் பெரும்பிழை. காவல் நிலையத்தில் செய்தி பதிந்து, மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கைப் பார்த்து அறிக்கை தரும் வரையில் எதனையும் கழற்றுதல் ஆகாது. பின்னர்க் கழற்றிய உறுப்பைப் பழைய இரும்புக் கடையில் போடாது, சாக்கில் கட்டி வைத்தல் வேண்டும்; அதனை ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்திற்கு உண்டு. ஆணையத்தின் தீர்ப்பில் மனநிறைவு கொள்ளாத எவரும், உழவராயினும் பட்டறைக்காரராயினும், 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.