பிள்ளைக்கு ஐஸ் ஹாக்கி: கிரெட்ஸ்கி வீட்டிலிருந்து நான் படித்தவை

ரொறன்ரோவில் என் மகள் ஐஸ் ஹாக்கி ஆடத் தொடங்கியதிலிருந்து, மற்றப் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எந்தப் பயிற்சியாளரிடம் விட்டால் பிள்ளை முன்னுக்கு வரும்?” நான் ஐஸ் ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கியின் சிறுவயதைச் சொல்வேன். பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஆசைதீர விளையாட இடமும் நேரமும்.

கிரெட்ஸ்கி 1961இல் ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்டில் பிறந்தவர். தந்தை வால்ட்டர் தொலைபேசி நிறுவன ஊழியர். குளிர்காலத்தில் வீட்டுப் பின்வளவில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டு, மகனுக்கு ரிங்க் அமைத்துக் கொடுத்தார். நமக்குப் பின்வளவு இல்லாவிட்டாலும் குறையில்லை. நகரசபையின் திறந்தவெளி ரிங்குகளில் இலவசமாகவே ஸ்கேட் செய்யலாம்.

முதலில் கால், பிறகு மட்டை. விழுந்து எழப் பழக்குங்கள். முழங்காலில் நிமிர்ந்து, ஒரு காலின் பிளேடை ஐஸில் ஊன்றி, இரு கைகளையும் அந்த முழங்காலில் அழுத்தி எழ வேண்டும். இது கைவந்தால் பயம் போய்விடும்.

ஸ்கேட் காலுக்குப் பொருந்தட்டும். ஆறு வயதில் பத்து வயதுப் பையன்களோடு ஆடிய கிரெட்ஸ்கிக்கு ஜெர்சி தொளதொளத்தது. ஒரு பக்கத்தைச் செருகிக்கொண்டார். அதுவே கடைசிவரை அவர் வழக்கமானது. ஜெர்சி பெரிதாக இருக்கலாம், ஸ்கேட் அப்படி இருக்கக்கூடாது. குதிகால் உள்ளே ஆடினால் கணுக்கால் சாயும். ஹாக்கி ஸ்கேட் பெரும்பாலும் சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை எண் குறைவாகவே வரும். பாவித்த ஸ்கேட் போதும். ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

கோல் கணக்குக் கேட்காதீர்கள். அந்த முதல் பருவம் முழுவதிலும் கிரெட்ஸ்கி போட்டது ஒரே ஒரு கோல். பத்து வயதில் 85 ஆட்டங்களில் 378 கோல்கள்! வீடு திரும்பும்போது நாங்கள் மகளிடம், “பசிக்கிறதா?” என்றுதான் கேட்போம்.

ஆட்டத்தைப் பார்க்கப் பழக்குங்கள். தொலைக்காட்சியில் ஆட்டம் நடக்கும்போது, சிறுவன் கிரெட்ஸ்கி மடியில் தாளை வைத்துக்கொண்டு, பக் எனும் ஆட்ட வட்டு போகும் வழியெல்லாம் குனிந்து பாராமலே பேனாவால் கோடிழுப்பார். கோடுகள் அடர்ந்த இடத்தில்தான் பக் அதிகம் புழங்குகிறது என்று புரியும். நாங்களும் செய்கிறோம். மகளின் தாளில் மூலைகளிலும் கோலுக்குப் பின்புறமும் ஒரே கிறுக்கல். பிற்காலத்தில் கிரெட்ஸ்கி கொடிகட்டிப் பறந்ததும் அந்தக் கோலுக்குப் பின்புறத்தில்தான்.

கோடையில் வேறு விளையாட்டு. அவர் பேஸ்பாலும் லாக்ரோஸும் ஆடினார். உடலும் மனமும் ஒரே ஆட்டத்தில் சலித்துவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. மற்றப் பெற்றோரின் பொறாமையும் கூச்சலும் தாங்காமல், கிரெட்ஸ்கி 14 வயதில் வீட்டைவிட்டு ரொறன்ரோவுக்கு ஆடப் போக நேர்ந்தது. அத்தனை திறமையுள்ள பிள்ளையையே பெரியவர்களின் வாய் ஊரைவிட்டு அனுப்பியது. ஆகவே எதிரணிப் பிள்ளை நன்றாக ஆடினாலும் மனதாரக் கைதட்டுங்கள். உங்கள் பிள்ளை அதைப் பார்த்துத்தான் ஆட்டத்தை நேசிக்கக் கற்றுக்கொள்ளும்.