மெக்கானிக் படிப்பு

மகாராஷ்டிராவில் புனே நகரத்தை ஒட்டி இருக்கும் ஊர் சிஞ்ச்வட். பக்கத்தில் பிம்ப்ரி, ஆகுர்டி. 1960-களில் இங்கே பெரிய தொழிற்சாலைகள் வந்தன. ஆகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர் செய்தார்கள். பிம்ப்ரியில் டெல்கோ வந்தது. பின்னர் அதன் பெயர் டாடா மோட்டார்ஸ் ஆனது.

வண்டி பெருகினால் பழுதும் பெருகும். பழுது பார்க்க ஆள் வேண்டும்.

முன்பு இந்த வேலையை எப்படிக் கற்றார்கள்? சின்னப் பையனைப் பட்டறையில் விட்டார்கள். அவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். டீ வாங்கி வந்தான். திட்டும் வாங்கினான். வெகுநாள் கழித்துத்தான் என்ஜினைத் தொட்டான். வேலை கைக்கு வந்தது. ஆனால் சான்றிதழ் இல்லை. கம்பெனி வாசலோடு திரும்பினான்.

இப்போது அதற்கு ஐ.டி.ஐ. இருக்கிறது. பிம்ப்ரி மோர்வாடியில் மாநகராட்சியே ஒன்றை நடத்துகிறது. மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெண்களும் சேரலாம்.

ஐ.டி.ஐ.யில் முதலில் இரும்புத் துண்டைத்தான் கையில் கொடுப்பார்கள். அதை அரத்தால் ராவ வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் கை பழகுவது இதில்தான்.

பிறகு வண்டி வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். சக்கர நட்டுகளை எதிர் எதிராக முடுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சமமாக உட்காரும்.

பழைய மெக்கானிக் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார். இன்று காது மட்டும் போதாது. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு கடுமையானது. புது வண்டிகளில் சென்சார்கள் கூடின. காரில் ஒரு கருவியைச் செருகினால் திரையில் எண் வரும். பி0301 என்று வந்தால், முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? அதை மெக்கானிக்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் கம்பெனியில் அப்ரண்டிஸ் ஆகலாம். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். ஆனால் அங்கேயே வேலை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

தனியார் கல்லூரிகளும் பல உண்டு. மகனையோ மகளையோ சேர்க்கும் முன் கேளுங்கள்: தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்குமா? பிள்ளைகள் தொட்டுப் பழக எத்தனை என்ஜின் இருக்கிறது? பட்டறையை நேரில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ரசீதை வாங்கிப் படித்துப் பாருங்கள்.