வியர்வையை வைத்து உழைப்பை அளக்கலாமா?

நம்பிக்கை: அதிகம் வியர்த்தவரே அதிகம் உழைத்தவர்.

உண்மை: காற்றோட்டமில்லாத கிடங்கில் சும்மா நின்றாலே சட்டை நனைந்துவிடும். வியர்ப்பது உடம்புச் சூட்டைத் தணிக்க. வெயிலில் வேலை பார்த்துப் பழகியவருக்கு அது சீக்கிரமே வரும், கூடுதலாகவும் வரும்.

நம்பிக்கை: ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் போதும், மூட்டை தூக்கிவிடுவார்.

உண்மை: 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றப் பலம் போதும். லாரி முழுக்க இறக்கி முடிக்க மூச்சும் வேண்டும். ஒருவரின் உடல் நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேர வேலை அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருப்பதே தாங்கும் என்பது உடலியலாளர்களின் பழைய கணக்கு. அதே வேலை 25 வயதுக்காரருக்கு இந்தக் கணக்குக்குள் அடங்கலாம்; 55 வயதுக்காரருக்குப் பாதியைத் தாண்டலாம். கூலி மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

நம்பிக்கை: 220-இல் வயதைக் கழித்தால் இதயத் துடிப்பின் உச்ச வரம்பு தெரிந்துவிடும்.

உண்மை: 1971-இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற ஆய்வாளர்கள் பலரது ஆய்வுத் தரவுகளைச் சேர்த்துவைத்து உத்தேசமாக இழுத்த கோடு இது. தனி ஒருவருக்குப் பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகலாம். 2001-இல் டனாகா குழு தந்த சூத்திரப்படி வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இல் கழிக்க வேண்டும். 60 வயதுக்காரருக்குப் பழைய கணக்கு 160 என்கிறது, புதியது 166. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் துடிப்பையே குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இந்த இரண்டு கணக்குமே உதவாது.

நம்பிக்கை: உழைப்பின் கடுமையை அளக்க விலையுயர்ந்த ஸ்மார்ட் வாட்ச் வேண்டும்.

உண்மை: இரண்டு விரலும் ஒரு கடிகாரமும் போதும். ஹார்வர்டின் சோர்வு ஆய்வகத்தில் இருந்த லூசியன் புரூஹா, ஆலைத் தொழிலாளர்களுக்காக வகுத்த முறை இது. வேலையை நிறுத்தியதும் ஆளை உட்கார வையுங்கள். முதல் அரை நிமிடத்தை விட்டுவிடுங்கள். அடுத்த அரை நிமிடம் மணிக்கட்டில் நாடியை எண்ணி இரட்டிப்பாக்குங்கள். மூன்றாவது நிமிடத்தின் கடைசி அரை நிமிடத்திலும் அதேபோல எண்ணுங்கள். முதல் எண் 110-ஐத் தாண்டாமல், இரண்டாவது அதைவிடப் பத்தாவது குறைந்திருந்தால் உடல் மீள்கிறது என்று பொருள். குறையவில்லையென்றால் சுமை அதிகம், அல்லது ஓய்வு போதவில்லை.

'எவ்வளவு சிரமமாக இருக்கிறது?' என்று கேட்டு 6 முதல் 20 வரை எண் சொல்லச் செய்யும் முறையும் உண்டு. ஸ்வீடனின் குன்னர் போர்க் உருவாக்கியது. நல்ல முறைதான். ஆனால் நாளைய வேலை மேஸ்திரி கையில் இருக்கும்போது யார் 18 என்று சொல்வார்? 'பரவாயில்லைங்க' என்பதே பதிலாக வரும்.

நம்பிக்கை: பழகிவிட்டால் எந்த எடையும் எடையே இல்லை.

உண்மை: பழக்கத்தால் தசை வலுக்கும், முதுகெலும்பின் வட்டுகள் தேய்வது நிற்காது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே வயதுவந்த ஆணுக்கு 55 கிலோவை உச்சமாகப் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனத்தின் கணக்கில், எல்லா வசதியும் சரியாக அமைந்தாலும் இரு கைகளால் தூக்க 23 கிலோதான்.

மேஸ்திரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நாடியைக் காலை எட்டு மணிக்குப் பார்க்காதீர்கள், மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். எண் இறங்கவில்லையென்றால் ஆளை மாற்றாதீர்கள், இடைவேளையைக் கூட்டுங்கள்.