மானும் கைத்துப்பாக்கியும்
(முதற் சீலம் பற்றிய பாடம்)



நாடோறும் நாம் ஓதும் பஞ்சசீலத்துள் முதலாவது உயிர்க்கொலை விலக்கல். ஓதுதல் எளிது, அதன் எல்லை எதுவரை செல்கிறது என்று ஆராய்தல் அரிது. கிர்க்கி, தேகுரோடு பக்கங்களிலுள்ள நம் இளைஞர் சிலர் அண்மையில் ஒரு வினாவை எழுப்பினர். அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில், அனுமதிச் சீட்டுப் பெற்றவர் உரிய பருவத்தில் கைத்துப்பாக்கியாலேயே மானை வேட்டையாடலாம் என்று சட்டம் இருக்கிறது. “கண்ணி வைப்பவன் மறைந்து வஞ்சிக்கிறான், நெடுந்துப்பாக்கிக்காரன் தொலைவில் நின்று கொல்லுகிறான், கைத்துப்பாக்கிக்காரனோ மானை நெருங்கிச் சென்று, அது தப்பியோட வாய்ப்பும் கொடுக்கிறான். அவன் பாவம் குறைந்ததன்றோ?” என்பது அவர்கள் வினா.

இவ்வாதம் புதியதன்று, அவ்வேட்டைக்காரர் தாமே பெருமையுடன் சொல்லிக்கொள்வது. முதலில் கருவியைப் பார்ப்போம். கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானது. ஆகவே குண்டின் வேகம் நெடுந்துப்பாக்கிக் குண்டின் வேகத்தினும் குறைவு. தோளில் ஊன்றும் கட்டையில்லை. நீட்டிய கைகளே தாங்கவேண்டும். கை மயிரிழை அசைந்தால் குறி சாண் கணக்கில் விலகும். இக்குறையை நிரப்பவே 1935-இல் .357 மேக்னம், 1955-இல் .44 மேக்னம் என்ற வலிய தோட்டாக்கள் வெளிவந்தன. அவை வந்தும் கை நடுக்கம் போகவில்லை. நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றில் பட்டால் மான் உடனே சாவதில்லை; குடல் கிழிந்த நிலையில் புதருக்குள் ஓடி, நாழிகைக் கணக்கில் துடித்துச் சாகிறது. வேட்டைக்காரன் தன் திறமைக்கு வைத்துக்கொண்ட சோதனையில் தோற்றால், அவனுக்கு நட்டம் ஒரு தோட்டா. “வாய்ப்புக் கொடுத்தேன்” என்பவனை, யார் கேட்டுக் கொடுத்தாய் என்றே நாம் வினவவேண்டும்.

இனித் தருமத்தின் அளவைப் பார்ப்போம். பாலி உரையாசிரியர்கள் கொலைக்கு ஐந்து உறுப்புகள் கூறுவர்: உயிருள்ள பொருள் இருத்தல், அது உயிருள்ளது என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு. முயற்சியின் வகைகளையும் பிரித்துரைப்பர். தன் கையாற் செய்தல், பிறரை ஏவிச் செய்தல், எறிபடையாற் செய்தல், நிலையாக வைத்த பொறியாற் செய்தல் முதலியன அவை. அம்பு எறிபடையானால் ரவையும் எறிபடையே. பத்தடியில் நின்று விட்டாலும் நூறடியில் நின்று விட்டாலும் உறுப்பு ஐந்தும் நிறைந்துவிடுகின்றன. விளையாட்டுக்காகக் கொல்பவனிடம் எண்ணம் என்னும் உறுப்பு தடித்துக் கிடக்கிறது என்பது நம் கருத்து. பசித்தவனுக்குச் சொல்லக்கூடிய சமாதானம் அவனுக்கு இல்லை.

நம் நாட்டிலோ சட்டமே வழியடைத்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. கொல்லுதல் மட்டுமன்று, கண்ணி வைத்தல், விரட்டுதல், அவற்றுக்கு முயலுதல் யாவும் அதன்படி வேட்டையே. இச்சட்டத்தின்கீழ் நாடறிந்த வழக்கு 1998 அக்டோபரில் எழுந்தது. திரைப்படப் பிடிப்புக்காக ஜோத்பூர் சென்றிருந்த நடிகர் சல்மான் கான், காங்காணி என்னும் சிற்றூரருகே இரவில் இரண்டு கருமான்களைச் சுட்டார் என்பது குற்றச்சாட்டு. 2018 ஏப்ரல் 5-இல் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட மற்ற நடிகர்களை விடுவித்தது. அவர் பிணையில் வந்து மேல்முறையீடு செய்தார். காலங்கடந்த உரிமத்தோடு ஒரு ரைபிளும் ஒரு ரிவால்வரும் வைத்திருந்தார் என்ற தனி வழக்கில் 2017-இல் விடுதலை பெற்றார். வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்குரியது. நாம் நோக்கவேண்டியது வேறொன்று. வெடியோசை கேட்டு ஓடிவந்தவர்களும், இருபதாண்டுக் காலம் சாட்சியத்தில் உறுதியாய் நின்றவர்களும் பிஷ்னோய் வகுப்பைச் சேர்ந்த சிற்றூரார். 1485-இல் ஜம்போஜி வகுத்த இருபத்தொன்பது நெறிகளைக் காப்பவர்கள் அவர்கள். அவர்கள் நம் சமயத்தாரல்லர். ஆயினும் முதற் சீலத்தை நம்மிற் பலரினும் நன்றாகக் காத்தனர் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

இதன் மறுபக்கத்தையும் நம் மக்கள் மறக்கலாகாது. இம்மராட்டிய நாட்டில் ஃபாசே பார்தி என்றொரு வகுப்பார் உளர். ஃபாசே என்றால் கண்ணி. கண்ணியிட்டு மான் பிடித்தலே அவர்கள் பரம்பரைத் தொழில். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1952-இல் அது நீங்கியும் வசை நீங்கவில்லை. பிறப்பால் இழிவு சுமத்தப்பட்டதன் கொடுமையை அறிந்து, 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் காட்டிய வழியே வந்த நாம், கண்ணி வைத்தவனைச் சாதி சொல்லி ஏசுவோமாயின் நாம் பெற்ற தீக்கை எதற்கு? அவனுக்கு வேறு பிழைப்புக் காட்டுதலே சீலத்தைக் காக்கும் வழி.

அசோகர் இதில் நமக்கு முன்னோடி. வேட்டையே அரசர் உல்லாசமாயிருந்த காலத்தில், அவர் வேட்டைப் பயணங்களை விடுத்துத் தரும யாத்திரை மேற்கொண்டதாக எட்டாம் பாறைச் சாசனம் கூறுகிறது. அச்சாசனத்தின் ஒரு துண்டு 1882-இல் பம்பாய்க்கு வடக்கே சோபாராவில் கிடைத்தது; நமக்கு எட்டிய தொலைவுதான், வாய்ப்புள்ளோர் சென்று அவ்வூரைக் காணலாம். அரண்மனை மடைப்பள்ளிக்கு நாடோறும் கொல்லப்பட்ட எண்ணற்ற உயிர்கள் இரண்டு மயிலும் ஒரு மானுமாகக் குறைந்தன என்றும், இனி அவையும் கொல்லப்படா என்றும் முதற் சாசனம் சொல்லுகிறது. மாமன்னரும் ஒரே நாளில் நிறுத்திவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இனி நம் வீட்டுக்கே வரும் வினா. கிர்க்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869 முதல் நடைபெறுகிறது. பட்டாளத்தைத் தொடர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அத்தகைய தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்தன. “தோட்டா செய்பவன் கை கொலைக் கையோ?” என்று சிலர் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. உபாசகன் விலக்கவேண்டிய ஐந்து வாணிபங்களுள் ஆயுத வாணிபம் ஒன்று என்பது பகவன் திருவாக்கு. அதை மறைத்துப் பேச நாம் உடன்படோம். ஆயினும் தம்மபத உரையில் குக்குடமித்தன் என்னும் வேடன் கதை உண்டு. அவன் மான் வேட்டைக்குப் புறப்படும்போதெல்லாம் வில்லையும் வலையையும் எடுத்துக் கொடுத்தவள் அவன் மனைவி. அவளோ முன்னரே தருமத்தில் நிலைபெற்றவள். அவளுக்குப் பாவமுண்டோ என்று பிக்குகள் கேட்டனர். அவள் கொல்லும் எண்ணமின்றிக் கணவன் சொற்படி கொடுத்தாள், ஆதலின் இல்லை என்றார் பகவன். ஆலையில் தறியோட்டிய நமக்குத் தெரியும், கூலிக்காரன் எண்ணம் எந்திரத்தின்மேலும் பிள்ளைகளின் பசிமேலும் இருக்கும். ஆகவே கூலியாளையும் ஆயுதம் விற்றுப் பொருளீட்டும் முதலாளியையும் ஒரே தட்டில் நிறுத்துதல் முறையன்று என்பது நம் துணிபு. ஆனால் அதே ஊதியத்துக்கு வேறு வேலை கிடைக்கும்போதும் இதையே பற்றியிருப்பவன், அம்மனைவியைத் தனக்குத் துணைக்கு அழைக்க முடியாது. பிள்ளைகளை வேறு கல்வியில் செலுத்துதல் இன்றே தொடங்கலாம்.

மான் இறைச்சியைப் பங்கு போட்டுக் கொண்டுவருவோரும் உளர். தமக்கெனக் கொன்றதாகக் கண்டதும், கேட்டதும், ஐயுற்றதும் ஆகிய இறைச்சியைப் பிக்குகள் ஏற்கலாகாது என்று ஜீவக சூத்திரம் விதிக்கிறது. இல்லறத்தார்க்கும் அதுவே நல்ல அளவுகோல். மான் கறி கடையில் விற்பதன்று. ஆகவே அது வரும்போதே ஐயமும் கூட வருகிறது. சட்டப்படி அதை வைத்திருத்தலும் குற்றம்.

பூனா மாவட்டத்திலேயே, பாராமதி வட்டம் சுபேயில், சிங்காரா என்னும் சிறுமான்களுக்கென 1997-இல் அமைந்த மயூரேசுவர் சரணாலயம் இருக்கிறது. ஐந்து சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த புல்வெளிதான். மான்கள் வேலி தாண்டி வயலுக்கும் வரும். அங்குச் செல்லும் நம்மவர் கண்ணியில் மான் அகப்பட்டிருக்கக் கண்டால் என் செய்வது? இரக்கத்தால் வேடன் கண்ணியிலிருந்து மானை விடுவித்த பிக்கு ஒருவர், பிறர் பொருளைத் திருடினோமோ என்று கலங்கிப் பகவனிடம் சென்றதாக விநய பிடகம் கூறுகிறது. இரக்கத்தாற் செய்ததாயின் குற்றமில்லை என்று அவர் விடைபெற்றார். ஆகவே வனத்துறையாருக்குச் சொல்லியனுப்புங்கள். அவர்கள் வர நேரமாகி, மான் கழுத்து இறுகிக்கொண்டிருந்தால், அதன் கண்களை ஒரு துணியால் மூடிவிட்டுக் கயிற்றை அறுங்கள். கொம்புக்கும் குளம்புக்கும் விலகி நில்லுங்கள்.