ஏழாண்டுப் பயிரும் சிறு வடிசாலையும்

பொருளியல் பாடத்தில் 'சிலந்திவலைக் கோட்பாடு' பற்றி இடுபணி ஒன்று தரப்பட்டது. நான் எடுத்துக்கொண்ட பொருள் மெக்சிகோவின் டெக்கிலா. மதுவைப் போற்றுவது என் நோக்கமன்று. சிறிய அளவில் தயாரிக்கப்பட்ட ஒரு டெக்கிலாவைத் தேடியபோது, 'உற்பத்தி நிறுத்தப்பட்டது' என்ற குறிப்பே கிடைத்தது. நல்ல பொருள் ஏன் நின்றுபோகிறது? அக்கேள்வியே இக்கட்டுரையாயிற்று.

மூலப்பொருள்

டெக்கிலா நீல அகேவ் என்னும் செடியிலிருந்து வடிக்கப்படுகிறது. நம் ஆனைக்கற்றாழையும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. இச்செடி முதிர ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். 1974இல் டெக்கிலா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஹாலிஸ்கோ மாநிலத்திலும் வேறு 4 மாநிலங்களின் சில பகுதிகளிலும் விளைந்த அகேவையே பயன்படுத்த வேண்டும். ஆகவே, தட்டுப்பாடு வந்தால் வெளியிலிருந்து வாங்கி ஈடுகட்ட இயலாது.

விலையின் ஊசலாட்டம்

விலை ஏறும்போது எல்லாரும் நடுகின்றனர். அறுவடைக் காலம் வரும்போது சந்தையில் செடிகள் குவிந்து விலை வீழ்கிறது. நட்டமடைந்தோர் நடவைக் கைவிட, மீண்டும் தட்டுப்பாடு. சிலந்திவலைக் கோட்பாடு கூறுவது இதைத்தான். 2016இல் கிலோ 4 பெசோவுக்கும் குறைவாக இருந்த அகேவ், 2018 தொடக்கத்தில் 22 பெசோவானது. 4 ஆண்டுச் செடிகளைக்கூட அறுத்தனர். இளஞ்செடியில் சர்க்கரை குறைவு. எனவே இன்னும் அதிகச் செடிகள் தேவைப்பட்டன. 2024இலோ விலை 10 பெசோவுக்கும் கீழே சரிந்தது. இம்முறை துன்பம் உழவருக்கு.

சிறியோர் படும் பாடு

ஒரு லிட்டர் தூய அகேவ் டெக்கிலாவுக்கு ஏறத்தாழ 7 கிலோ அகேவ் தேவை எனக் கொள்வோம். 28 பெசோவாக இருந்த மூலப்பொருட் செலவு, ஈராண்டுகளில் 154 பெசோவாகிறது. பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த வயல்களும் நீண்டகால ஒப்பந்தங்களும் உள்ளன. சர்க்கரையை மிகுதியாகப் பிரித்தெடுக்கும் இயந்திரங்களும் உண்டு. செங்கல் அடுப்பில் நாள்கணக்கில் வேகவைக்கும் சிறு வடிசாலை அன்றைய விலைக்கே வாங்க வேண்டும். 'அன்யேஹோ' வகையாயின், வடித்த பின்னும் குறைந்தது ஓராண்டு பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். அதுவரை முதல் முடங்கிக் கிடக்கும்.

அவர்முன் உள்ள வழிகள் மூன்று: விலையை உயர்த்துவது, இளஞ்செடியை வாங்கித் தரத்தைக் குறைப்பது, உற்பத்தியை நிறுத்துவது. முதல் வழியில் வாங்குவோர் விலகுவர். இரண்டாம் வழியில் பெயர் கெடும். தரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறார்.

இடுபணியைத் தொடங்கியபோது, நின்றுபோன பொருள் தோற்றுப்போன பொருள் என்றே எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. திறமை இருந்தும், 7 ஆண்டுகள் காத்திருக்கப் போதிய முதல் இல்லாமையே பலரை வீழ்த்துகிறது. நாளை சிறுதொழில் தொடங்க நினைக்கும் நண்பர்களே, உங்கள் மூலப்பொருள் விளைய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை முதலில் கணக்கிடுங்கள்.